ஒரே நிறத்துப் படைகள்

கோடை விடுமுறைக்கு என் தங்கை மகன் பங்கு இல்லத்திற்கு வந்திருந்தான். தன்னோடு ஒரு பலகை விளையாட்டையும் கொண்டுவந்தான். 'ரிஸ்க்' என்பது அதன் பெயர். மாலையில் செபமாலை முடிந்ததும் பீடச் சிறுவர் நால்வர் அவனைச் சூழ்ந்துகொள்வர். என் அறைக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தில் உலகப் படம் விரியும், பகடை உருளும், இரவு உணவு மணி அடிக்கும்வரை பேரரசுகள் எழுவதும் வீழ்வதுமாக இருக்கும்.

இவ்விளையாட்டை உருவாக்கியவர் ஆல்பர்ட் லாமொரீஸ் என்னும் பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர். 1957-இல் 'உலகை வெல்லல்' எனப் பொருள்படும் பெயரில் அது பிரான்சில் வெளிவந்தது. ஒரு சிறுவனுக்கும் ஒரு சிவப்புப் பலூனுக்கும் இடையே மலரும் நட்பைப் படமாக்கி, அதற்கு முந்திய ஆண்டுதான் அவர் உலகப் புகழ் பெற்றிருந்தார். அத்தகைய மென்மையான உள்ளத்திலிருந்தே இந்தப் போர்ப் பலகையும் பிறந்தது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

பலகையில் 42 நிலப்பகுதிகள், ஆறு கண்டங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் படைகள். தாக்குபவர் மூன்று பகடை வரை உருட்டலாம்; காப்பவர் இரண்டு வரை. எண்கள் சமமானால் வெற்றி காப்பவருக்கே. ஒரே நிறத்துப் படைகள் ஒன்றையொன்று தாக்குவதற்கு மட்டும் விதியில் இடமே இல்லை.

அந்த இடத்தை உண்டாக்கியவன் எங்கள் கூட்டத்தில் இளையவன். ஆறாம் வகுப்பில் படிப்பவன். முதல் அரை மணி நேரத்திலேயே தோற்று, மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. ஒருநாள் அவன் கேட்டான்: "ஒரே ஆளுகிட்ட இத்தனை நாடு இருந்தா அவனுக்குள்ளேயே சண்டை வராதா, சாமி?" வெளியேறியவன் மீண்டும் உள்ளே வர வழி தேடினான் என்பது எல்லாருக்கும் புரிந்தது. ஆயினும் கேள்வி நியாயமானது. அன்றிரவே அவர்கள் தங்களுக்கென உள்நாட்டுப் போர் விதிகளை ஒரு நோட்டில் எழுதினார்கள்.

14 நிலப்பகுதிகளுக்கு மேல் வைத்திருப்பவர் தம் முறை வரும்போது இரு பகடைகளை உருட்ட வேண்டும். இரண்டிலும் ஒரே எண் விழுந்தால் நாடு பிளவுபடும். அவர் தலைநகர் ஒன்றைத் தேர்ந்துகொண்டபின், ஏனைய பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு பகடை உருட்டுவார்: ஒற்றைப்படை எண் விழுந்தால் அது அவரோடு நிற்கும், இரட்டைப்படை எண் விழுந்தால் கலகக்காரர் பக்கம் போகும். ஏற்கெனவே தோற்று வெளியேறியவர் கலகப் படைக்குத் தலைவராவார். அக்கம்பக்கத்தவர் எந்தப் பக்கத்துக்கும் படை கடன் கொடுக்கலாம்.

இந்தக் கடைசி விதியின் விளைவை நான் கவனித்து வந்தேன். வெளியிலிருந்து கடன் வராதபோது உள்நாட்டுப் போர் மூன்று நான்கு சுற்றில் முடிந்தது. வந்தபோதோ முடியவே இல்லை. 1936 முதல் 1939 வரை ஸ்பெயினில் நடந்த போர் நினைவுக்கு வந்தது. ஒரு பக்கத்துக்கு ஜெர்மனியும் இத்தாலியும், மறுபக்கத்துக்கு சோவியத் ஒன்றியமும் ஆயுதம் தந்தன. மடிந்தவர்களோ ஒரே மண்ணின் மக்கள்.

ஒருநாள் நான் கேட்டேன்: "பலகையில் படைகள்தாம் இருக்கின்றன. அந்த நாட்டு மக்கள் எங்கே?" சிறுவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவன் அடுக்களைக்குப் போய்க் கைநிறையப் புளியங்கொட்டை எடுத்துவந்தான். பிளவுபட்ட நாட்டில் பகுதிக்கு இரண்டு கொட்டைகள் வைத்தார்கள். அங்கே சண்டை நடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டையை எடுத்துவிட வேண்டும். கொட்டை இல்லாத நிலம் புதுப்படை பெறுவதற்கான கணக்கில் சேராது.

அன்று உள்நாட்டுப் போரில் வென்றவன் என் தங்கை மகன்தான். 18 பகுதிகளும் மீண்டும் அவனுடையவை. வழக்கமான கணக்கின்படி மூன்று பகுதிக்கு ஒரு படையாக ஆறு படைகள் அவனுக்குக் கிடைக்க வேண்டும். எண்ணிப் பார்த்தபோது ஏழு பகுதிகளில்தான் கொட்டை மிஞ்சியிருந்தது. யாருக்கும் குறைந்தது மூன்று படைகள் உண்டு என்ற பொதுவிதியால் அவனுக்கு மூன்றாவது கிடைத்தது. "ஜெயிச்சும் என்ன பிரயோசனம், மாமா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

சாமுவேலின் இரண்டாம் நூலில் ஒரு காட்சி உண்டு. சவுலின் மறைவுக்குப்பின் இஸ்ரயேல் இரண்டாகப் பிளந்து நின்ற காலம். கிபயோன் குளத்தின் இருபுறமும் அப்னேரின் ஆள்களும் யோவாபின் ஆள்களும் அமர்ந்திருக்கிறார்கள். இளைஞர்கள் எழுந்து நம்முன் விளையாடட்டும் என்கிறார் அப்னேர். பக்கத்துக்குப் பன்னிருவர் எழுகிறார்கள். ஒருவர் தலையை ஒருவர் பற்றி, விலாவில் வாள் பாய்ச்சி, இருபத்து நால்வரும் ஒருங்கே விழுகிறார்கள். பொழுது சாய்வதற்குள் அப்னேர் பக்கம் 360 பேரும், யோவாபு பக்கம் அவர் தம்பி அசாவேலோடு 20 பேரும் பிணமாகிறார்கள். சகோதரரைத் துரத்துவதை எப்போது நிறுத்தப் போகிறீர் என்று அந்திப்பொழுதில் குரல் எழுப்பியவரும் அப்னேரே. ஆட்டத்தைத் தொடங்கியவரே நிறுத்தும்படியும் முதலில் கேட்டார். யோவாபு எக்காளம் ஊதினார். அன்றைய போர் நின்றது.

சிறுவர்களுக்கு இக்கதையைச் சொன்னேன். "அப்ப நமக்கும் சமாதான விதி வேணும்" என்றார்கள். எழுதினார்கள்: சமாதானம் கேட்பவர் தம் பகுதிகளில் இரண்டை விட்டுக்கொடுக்க வேண்டும், ஏற்பவர் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், அதன்பின் இருவரும் ஒரே நாடாகச் சேர்ந்து ஆடலாம். ஒன்பது மாலைகள் ஆடியும் எவனும் சமாதானம் கேட்கவில்லை. கேட்பவனுக்கு இழப்பு இல்லாதபடி விதியை மாற்றுங்கள் என்று நான் பரிந்துரைத்தேன். இளையவன் மறுத்தான்: "அப்படின்னா எல்லாரும் சும்மா கேட்பாங்க, சாமி. கேட்கிறதை யாரு நம்புவா?"

குருமடத்தில் மீட்பியல் படித்தவன் நான். நாம் பகைவராய் இருந்தபோதே கடவுள் நம்மைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று உரோமையருக்குப் பவுலடியார் எழுதியதை எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன். முதலில் வந்தவரே முழு விலையும் கொடுத்தார் என்பதுதானே சிலுவையின் பொருள்? ஓர் ஆறாம் வகுப்புச் சிறுவன் அதைத் தன் விளையாட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

அந்த விலை எளிதன்று. 1971-இல் ஸ்பெயின் நாட்டு ஆயர்களும் குருக்களும் கூடிய மாமன்றத்தில், உள்நாட்டுப் போர்க் காலத்தில் தாங்கள் ஒப்புரவின் பணியாளர்களாக இருக்கத் தவறியதற்கு மன்னிப்புக் கேட்கும் தீர்மானம் ஒன்று வந்தது. பெரும்பான்மையோர் ஆதரித்தனர், ஆயினும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிட்டவில்லை. அந்தப் போரில் கொல்லப்பட்ட குருக்களும் துறவியரும் ஆயிரக்கணக்கானோர். இரத்தம் சிந்திய திரு அவைக்கு, 'நாங்களும் தவறினோம்' என்று சொல்வது கடினமாகவே இருந்திருக்கும். தீர்ப்பிட நான் யார்? ஏழு ஆண்டுகளாக என் தம்பியோடு பேசாதவன் நான்.

அப்பா இறந்தபின் வீட்டை என்னைக் கேளாமல் விற்றான் என்பது என் மனத்தாங்கல். வீட்டில் எனக்குத் தேவை எதுவும் இல்லை. கேட்கவில்லை என்பதே காயம். முதலாண்டு நினைவுத் திருப்பலிக்குப் பின் உறவினர் நடுவில் ஒரு கடுஞ்சொல் சொன்னேன். அவன் தலைகுனிந்து வெளியேறினான். தவறு அவனுடையது, அவன்தான் முதலில் வரவேண்டும் என்று காத்திருந்தேன். அவனும் அப்படியே காத்திருந்திருக்கலாம். எங்கள் தங்கைதான் இரண்டு வீட்டுக்கும் நடுவே புளியங்கொட்டையாய்க் கிடந்தாள்.

விடுமுறையின் கடைசி மாலை. இளையவன் நாட்டில் போர். அவன் இரண்டு பகுதிகளைப் பலகையிலிருந்து விலக்கிவைத்து, "சமாதானம்" என்றான். எதிரில் இருந்தவன் நெடுநேரம் யோசித்து, ஒன்றை விலக்கினான். இருவரும் சேர்ந்து ஆடியும் வெல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒதுங்கியிருந்தவன் வென்றான். ஆனால் அன்று முதன்முறையாக யாரும் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கவில்லை.

அவர்கள் உறங்கியபின் தம்பிக்குத் தொலைபேசி செய்தேன். நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தவன் பேசவில்லை, என் எண் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா. மன்னிச்சுக்கோ" என்றேன். வீட்டைப் பற்றி நான் பேசவில்லை.

சற்றுப் பொறுத்து, "சாப்பிட்டீங்களா, அண்ணா?" என்று கேட்டான்.

அதற்குமேல் அன்று இருவருமே அதிகம் பேசவில்லை. வரும் கல்லறைத் திருநாளன்று அப்பாவின் கல்லறைக்குச் சேர்ந்து போவதாய் இருக்கிறோம். எங்களுக்காக ஒரு செபம் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரே நிறத்துப் படைகள் எதிரெதிரே நின்றால், அதற்காகவும் ஒன்று.