மஞ்சள் மரம் வந்த வழி

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. அண்ணா நகரில் எங்கள் தெருவும் தன் பங்கைக் கொடுத்தது. விழுந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே ரகம்: சித்திரை, வைகாசியில் தெருவையே மஞ்சளாக்கிவிடும் இயல்வாகை. பெருங்கொன்றை என்றும் சொல்வார்கள். தப்பி நின்றவற்றிலும் அதுதான் அதிகம். ஏனென்றால் எங்கள் தெருவில் நட்டதே அதைத்தான்.

விழுந்த இடங்களில் எதை வைப்பது என்று குடியிருப்போர் சங்கத்தில் கூடினோம். ஒருவருக்கு நிழல் வேண்டும், ஆனால் இலை கொட்டக் கூடாது. இன்னொருவருக்குப் பூ வேண்டும், ஆனால் காக்கை எச்சம் கார் மேல் விழக் கூடாது. நாவல் மரம் என்று வாயெடுத்தவரை எல்லோரும் முறைத்தார்கள். அயல்நாட்டு மரம் என்பதால்தான் விழுந்தது, இனிமேல் நாட்டு மரம் மட்டும்தான் என்று ஒரு கட்சி. பூக்கிற மரம் இல்லாமல் தெரு என்ன தெரு என்று இன்னொரு கட்சி. சரி, முதலில் இந்த மஞ்சள் மரத்தை இங்கே வைத்தது யார், எதற்காக இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டேன். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குக் கன்று எதுவும் முடிவாகாமல் காபியோடு கலைந்தோம். கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது.

எங்கள் தெருவின் மூத்த குடி, மூலை வீட்டு மாமா. வீட்டு வசதி வாரியத்தில் மனை வாங்கி எழுபதுகளில் வந்தவர். இந்தப் பகுதி நடுவக்கரை என்ற கிராமமாகவும் வயலாகவும் இருந்ததையும், 1968இல் நடந்த உலக வர்த்தகக் கண்காட்சிக்காக எழுப்பிய கோபுரத்தைப் பார்க்க ஊரே வந்ததையும் கதை கதையாகச் சொல்வார். மரத்தைப் பற்றிக் கேட்டதும் கையை அகல விரித்துக் காட்டினார்.

"வெறும் பொட்டல் தம்பி. ஒருநாள் லாரில கொண்டுவந்து இறக்கினான். குழி வெட்டினான், வெச்சான், போயிட்டான். சுத்தி தார் டிரம்மை ஓட்டை போட்டுக் கவுத்து வெச்சான், மாடு கடிக்காம இருக்க. தண்ணி நாங்கதான் ஊத்தினோம்."

"என்ன மரம்னு யாராவது கேட்டீங்களா மாமா?"

"கேக்கறதா? மரம் வந்ததே பெரிசு."

லாரி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நான் அடுத்துத் தேடியிருக்க வேண்டும். ஆனால் எதிர்த் திசையில் போனேன், அதாவது பழைய புத்தகங்களுக்கு. சென்னையில் மரத்தின் கதையைத் தேடுகிறவர் யாரானாலும் கதீட்ரல் சாலையில் இருக்கும் தோட்டக்கலைச் சங்கத்துக்குத்தான் போய்ச் சேர்வார்கள். 1835இல் ராபர்ட் வைட் தொடங்கியது. அந்தத் தோட்டத்தில் வளர்ந்த செடிகளுக்கு ஹியூ கிளெகார்ன் 1853இல் ஒரு பட்டியல் அச்சிட்டார். மண்ணின் செடியும் வெளியிலிருந்து வந்து வேரூன்றிய செடியும் அதில் கலந்தே இருக்கின்றன. மூன்று வருடம் கழித்து அவரே மதராஸ் மாகாணத்தின் முதல் வனக் காப்பாளர் ஆனார். மரம் இருந்தால் மழை வரும் என்று 1849இல் கட்டுரை எழுதிய எட்வர்ட் பால்ஃபோர்தான் எழும்பூர் அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர். மூவருமே கம்பெனி மருத்துவர்கள். நாடி பார்க்க வந்தவர்கள் செடி பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அதற்காக நோயாளிகள் என்ன சொன்னார்களோ!

உலகத்துச் செடிகளெல்லாம் கப்பலேறி ஊர் மாறிய காலம் அது. எங்கள் தெருக்கோடியில் சிவப்பாகப் பூக்கும் மயில்கொன்றையை 1820களின் கடைசியில் மடகாஸ்கரின் கிழக்குக் கரையில் வென்செஸ்லாஸ் போஜர் என்ற தாவரவியலாளர் பார்த்தார். 1829இல் அதன் படமும் பெயரும் லண்டன் இதழில் வெளியாயின. பிறகு வெப்ப நாடுகளில் அது போகாத ஊர் இல்லை. தூங்குமூஞ்சி மரம் நடு அமெரிக்கா, தென் அமெரிக்காப் பக்கத்திலிருந்து வந்தது. ஆனால் இயல்வாகையின் பிறப்பிடத்தைத் தேடியபோதுதான் நாட்டு மரக் கட்சிக்குச் சங்கடம். இலங்கையும் அந்தமானும் அதற்குச் சொந்த ஊர். அங்கிருந்து மலேசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை கடலோரமாகப் பரவியிருக்கிறது. அந்தமான் நம் நாடுதானே! அதைவிட, நம் நெடுஞ்சாலைகளுக்கு நிழல் தந்த புளிய மரமே ஆதியில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதை அயல் மரம் என்று சொல்ல எந்தத் தமிழருக்கு வாய் வரும்?

புளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. சாலையோர மரம் என்ற யோசனை நமக்குக் கம்பெனிக்காரர்கள் கற்றுத் தந்ததல்ல. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளும் வைத்த மரங்களும் கட்டிய சத்திரங்களும் தென்பாண்டிச் சீமையில் இன்றும் பேச்சில் இருக்கின்றன. நடந்து போகிறவருக்கு நிழல், மாட்டுக்கு இளைப்பாற இடம், ஊருக்குக் காய். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வேலை இருந்தது. அந்த நினைப்பின் மிச்சத்தை நெடுஞ்சாலைப் புளிய மரங்களில் இப்போதும் பார்க்கலாம். பட்டையில் வெள்ளைச் சதுரம், அதில் கறுப்பு எண். அந்த எண்ணை வைத்துத்தான் காய் உலுக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். வருமானம் தரும் மரத்துக்குக் கணக்கு உண்டு, கணக்கு இருக்கும் மரத்துக்குக் காவல் உண்டு. எங்கள் தெருவின் இயல்வாகைக்கு எண்ணும் இல்லை, காவலும் இல்லை.

பூவுக்காக மரம் வைப்பது வேறு ஒரு மரபு. அதன் பெரிய ஆள், ஜெர்மனியில் பிறந்த குஸ்தாவ் கிரும்பீகல். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து பரோடாவுக்கு வந்து, 1908இல் பெங்களூர் லால்பாகுக்குப் பொறுப்பேற்றவர். ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்த தெருவில் இன்னொன்று பூக்க வேண்டும், வருடம் முழுவதும் நகரத்தில் எங்காவது பூ இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு நட்டார். பெங்களூர்க்காரர்களின் மரப் பெருமையில் பாதி அவருக்குச் சேர வேண்டியது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த ரசனை நாடு முழுக்கப் பரவியது. எம்.எஸ். ரந்தாவா பூமரங்களைப் பற்றி எழுதினார். சண்டிகரின் தெருக்களுக்கு மரம் தேர்ந்தெடுத்ததில் அவர் பங்கு பெரியது. இவர்களுக்கெல்லாம் ஒரு திட்டம் இருந்தது. எந்தத் தெருவுக்கு எந்த மரம் என்று யோசித்திருக்கிறார்கள். அதே போல அண்ணா நகருக்கும் யாரோ ஒரு கிரும்பீகல் இருந்திருப்பார், வரைபடத்தில் எங்கள் தெருவுக்கு மஞ்சள் பென்சிலால் கோடு போட்டிருப்பார் என்ற எண்ணத்தில்தான் இத்தனை பக்கங்களையும் புரட்டினேன்.

அந்த எண்ணத்தில் மண் போட்டவர் பூங்கா வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு தோட்டக்காரர். நண்பர் ஒருவர் வழியாகக் கிடைத்தார். யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டதற்குச் சிரித்தார்.

"தேர்ந்தெடுக்கறதாவது சார். நாத்தங்கால்ல எது நிக்குதோ அதான் தெருவுக்கு வரும்."

விரலால் தரையில் கோடு கிழித்துக்கொண்டே விளக்கினார். இயல்வாகையின் செம்பு நிறத் தட்டைக் காய் மரத்தடியில் குவிந்து கிடக்கும். துடைப்பத்தால் கூட்டியே மூட்டை கட்டலாம். விதைத் தோல் கெட்டி. கொதிக்கிற வெந்நீரில் சற்று நேரம் போட்டெடுத்து, ராத்திரி பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் முளைத்துவிடும். எடுத்து வைத்து அடுத்த வருடமும் போடலாம். நட்டால் விறுவிறுவென்று வளரும், நாலு வருடத்தில் பூக்கும். வைத்தவர் இடமாற்றலாகிப் போவதற்குள் பூவைப் பார்த்துவிடலாம்! இலுப்பை அப்படியில்லை. விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும், வளர்ச்சியோ ஆமை வேகம். புன்னையும் நிதானம்தான். "கேட்டா ஆயிரம் கன்னு நாளைக்கே வேணும்பாங்க. இலுப்பைக்கு எங்க சார் போறது?"

நூற்றெழுபது வருடத்துப் புத்தகங்களில் நான் தேடிய பதில் இதுதான். எங்கள் தெருவைப் பார்த்து யாரும் மரம் தேர்ந்தெடுக்கவில்லை. அவசரம் தேர்ந்தெடுத்தது.

மரத்தைப் போலவே நடும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை, வெளியிலிருந்து வாங்கியிருக்கிறோம். 1950இல் கே.எம். முன்ஷி தொடங்கிய வனமகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. வடக்கே அது மழை இறங்கும் நேரம், மிகச் சரி. உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. சென்னையில் அது கத்திரி முடிந்தும் வெயில் முடியாத நேரம். நமக்கு வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. ஜூன் 5 அன்று பிரமுகர்கள் நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்ட கன்றுகளைப் புரட்டாசியில் போய்ப் பாருங்கள். பெயர்ப் பலகை இருக்கும்.

தோட்டக்காரர் சொன்னதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொன்று. "மரம் விழுறது புயல்ல இல்ல சார், பையில" என்றார். புரியவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு நர்சரிக்கு என்னை அனுப்பினார். அங்கே கன்று விற்கும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும், விற்காமல் தேங்கிக் கிடந்த ஒரு புங்கன் கன்றை எடுத்து வந்து, கறுப்புப் பாலித்தீன் பையை பிளேடால் மேலிருந்து கீழாகக் கிழித்துக் காட்டினார். மேலே ஆளுயரத்துக்குத் தளதளவென்று இலை. கீழே மண்ணே தெரியவில்லை. நேராக ஆழம் பார்த்து இறங்க வேண்டிய ஆணிவேர் பையின் அடியைத் தொட்டதும் திரும்பி, சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி, தேங்காய் நார்க் கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோல் இறுகிக் கிடந்தது. "இதை அப்படியே குழில வெச்சா மேல நல்லாத்தான் வளரும். கீழ சுத்திக்கிட்டே இருக்கும். பத்து வருசம் கழிச்சு காத்தடிச்சா என்ன ஆவும்?" என்றார் அக்கா. பையில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த எந்தக் கன்றும் இப்படித்தான் ஆகுமாம். ஆழவேர்க்காரன் என்று நாட்டு மரக் கட்சி தூக்கிப் பிடித்த புங்கனுக்கே இந்தக் கதி.

வீட்டுக்கு வந்ததும் வர்தாவுக்கு மறுநாள் எடுத்த படங்களைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டெதிரே விழுந்த இயல்வாகையின் அடிப்பாகம் வானத்தைப் பார்த்து நிற்கிறது. மரத்தின் பருமனுக்கு வேர் விரிந்து வட்டமாக இருக்க வேண்டும். இது சதுரமாக இருந்தது. நடைபாதைக்கு சிமென்ட் போட்டபோது விட்ட குழியின் அளவுக்கு அச்சு வார்த்த சதுரம். தெருப் பக்கத்து வேர்கள் ஒரே நேர்க்கோட்டில் அறுபட்டிருந்தன. முனைகள் புதிதாக முறிந்த வெளிறிய நிறத்தில் இல்லை. கறுத்து, சொதசொதவென்று அழுகியிருந்தன. என்றைக்கோ கேபிளுக்கோ வடிகாலுக்கோ பள்ளம் தோண்டிய ஓர் ஒப்பந்தக்காரரின் இயந்திரம் சீவிவிட்டுப் போன வேர்கள். மேலேயும் இதே கதைதான். மின்கம்பி இருக்கும் பக்கத்துக் கிளைகளை மட்டும் வருடா வருடம் கழித்திருந்தார்கள். மொத்தப் பாரமும் எதிர்ப் பக்கம். மரம் விழுந்ததும் அந்தப் பக்கம்தான்.

மேலோட்டமான வேரும் எளிதில் முறியும் கட்டையும் இயல்வாகையின் குறைகள், மறுப்பதற்கில்லை. புயல் வரும் கரையில் மயில்கொன்றையும் மரமல்லியும் தெருவுக்கு ஆகாது என்பதும் என் தீர்மானமான கருத்து. ஆனால் வேரை அறுத்து, கழுத்து வரை சிமென்ட் பூசி, ஒரு பக்கத்தை மொட்டையடித்த பிறகு எந்த மரத்தை வைத்தாலும் அது நிற்காது. மரத்தடியைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் கான்கிரீட் இருக்கக் கூடாது, இருந்தால் அகற்ற வேண்டும் என்று டெல்லி வழக்கொன்றில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே சொல்லிவிட்டது. கிளை கழிப்பதற்கும் முறை இருக்கிறது. முதலில் கிளையின் அடிப்பக்கம் பாதி வெட்டு, சற்றுத் தள்ளி மேலிருந்து முழு வெட்டு, கடைசியில் மிஞ்சிய கட்டையைத் தண்டோரம் இருக்கும் தடித்த வளையத்தை ஒட்டிச் சுத்தமாக எடுப்பது. அந்த வளையம்தான் காயத்தை மூடுகிறது. அதைச் சேர்த்துச் செதுக்கினாலும் கேடு, முழ நீளக் கட்டையை விட்டுவைத்தாலும் கேடு. அழுகல் அங்கிருந்துதான் தண்டுக்குள் இறங்கும்.

சங்கம் மறுபடி கூடியபோது நாட்டு மரமா, பூமரமா என்ற சண்டையை விட்டுவிட்டு, தெருவில் நடந்து போய் அண்ணாந்தும் குனிந்தும் பார்த்தோம். கம்பி இல்லாத பக்கம் புங்கன். கம்பிக்குக் கீழே மகிழமும் சரக்கொன்றையும். மேலே கம்பியும் கீழே வடிகாலும் இருக்கும் இடத்தில் ஒன்றுமே வைப்பதில்லை என்றும் முடிவு செய்தோம்; அதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. கன்றுகளை ஐப்பசி மழைக்குக் காத்திருந்து நட்டோம். பிழைத்து நிற்கும் பழைய இயல்வாகைகளை வெட்டிவிடலாம் என்று ஒரு குரல் எழுந்தது. மூலை வீட்டு மாமா எழுந்து நின்று ஒரு முறை முறைத்தார். அந்தக் குரல் உட்கார்ந்துவிட்டது. அவற்றின் அடியில் இருந்த சிமென்டை உடைத்தோம். தண்டில் அடித்திருந்த டியூஷன் சென்டர் பலகை ஆணிகளைப் பிடுங்கினோம்.

உங்கள் தெருவுக்கும் இலவசக் கன்றுகளோடு ஒரு லாரி வரும். இறக்குவதற்கு முன்னால் இரண்டு கன்றைக் கேட்டு வாங்கி, பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். சுருண்டிருந்தால் தயங்காமல் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். நல்ல கன்று என்றால் வாங்கி வைத்து, மழைக்காலத்தில் நடுங்கள். அடுத்த இரண்டு கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை மட்டும் அன்றைக்கே, பெயர் சொல்லி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.