எருசலேமில் கேட்ட கேள்வி

ஜனவரி 6 எபிஃபனி. கத்தோலிக்கர் மூன்று ராஜாக்கள் திருநாள் என்பார்கள். பிராட்டஸ்டண்ட் சபைகளில் பிரசன்னத் திருநாள். கிரேக்கச் சொல்லுக்கு வெளிப்படுதல் என்று பொருள். நான் கிறிஸ்தவன் அல்ல. இந்தச் சொல் எனக்குத் தேவாலயம் வழியாக வரவில்லை, ஜாய்ஸ் வழியாக வந்தது. அவர் இறந்தபின் 1944ல் வெளியான 'ஸ்டீபன் ஹீரோ'வில், அற்பமான ஒரு பேச்சிலோ சைகையிலோ திடீரென ஏதோ வெளிப்பட்டுவிடுவதற்கு இந்தப் பெயர். நாம் அதைத் தரிசனம் என்று ஆக்கிக்கொண்டோம். பிறகு எந்தக் கவிதையிலும் தரிசனம் இருக்கிறதா என்று தேடினோம். கண்டவனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

எலியட் கேட்டார். 1917 முதல் 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்தவர் என்பதால் எனக்கு அவரிடம் ஒரு சொந்தம் உண்டு. 1927 ஜூனில் ஞானஸ்நானம் பெற்று, ஆகஸ்டில் 'ஞானிகளின் பயணம்' கவிதையை வெளியிட்டார். பி.ஏ. வகுப்பில் அதில் உள்ள படிமங்களுக்கு உரை சொன்னார்கள். நட்சத்திரம் அதில் இல்லை, காணிக்கைகளும் இல்லை என்பதை வெகுகாலம் கழித்துத்தான் கவனித்தேன். குளிர், ஒட்டகக்காரர்களின் முணுமுணுப்பு, ஊர் திரும்பியபின் தன் ஜனங்களே அந்நியமாகிவிட்ட ஒரு கிழவன். அவ்வளவுதான்.

இந்த வருஷம் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை மறுபடி படித்தேன். ராஜாக்கள் என்றோ மூவர் என்றோ அங்கே இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்ற மூன்று காணிக்கைகளிலிருந்து பிறந்த கணக்கு அது. வந்தவர்கள் சாஸ்திரிகள். யூதருக்கு ராஜாவாகப் பிறந்தவர் எங்கே என்று எருசலேமில் கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி. ஏரோதின் காதுக்குப் போகிறது. நட்சத்திரம் தெரிந்த காலத்தை அவன் அவர்களிடமே விசாரித்து அறிகிறான். அந்தக் கணக்கை வைத்துத்தான் பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் கொல்லப்படுகிறார்கள். அதற்குள் இவர்கள் வேறு வழியாய் ஊர் போய்விட்டார்கள். அந்தச் செய்தி அவர்களுக்கு எட்டியதா என்று மத்தேயு சொல்வதில்லை.

இதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். இவை வாழ்ந்து எழுதியவையா, வாசித்து எழுதியவையா என்று கேட்டிருந்தேன். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். அச்சில் கேட்டேன். அதை எடுத்துக்கொண்டு வேறு சிலர் கிண்டல் செய்தார்கள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். இதைக் கொலையோடு சேர்த்துப் பேசுவது மிகை என்று தெரியும். ஆனாலும் உண்மையைத் தேடிப் போகிறவன் வழி கேட்கிற இடத்துக்கும் பொறுப்பாளி என்பது எனக்கு அந்த அதிகாரத்தில்தான் உறைத்தது.

ஆங்கிலிகன் சபையின் பழைய வழிபாட்டு நூலில், இந்தத் திருநாளை அடுத்து வரும் ஞாயிறுகளைப் பிரசன்னத்துக்குப் பின் முதல் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு என்று எண்ணிக்கொண்டு போகிறார்கள். விசேஷம் ஏதுமற்ற நாட்கள். கண்டதிலிருந்து எவ்வளவு தூரம் வந்தோம் என்பதுதான் அவற்றின் பெயர். ஆன்மீகம் என்று நான் ஒப்புக்கொள்ளக்கூடியது இந்த எண்ணிக்கையில் இருக்கிறது. வெளிப்பாடு ஒரு நாள். மற்றவை அதற்குக் கணக்குச் சொல்லும் நாட்கள்.

அப்படியொரு ஞாயிறன்று நண்பருக்குக் கடிதம் எழுதினேன். மதிப்புரையில் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. அது சரியென்றே இன்னமும் நினைக்கிறேன். கேட்ட இடம் தவறு என்று மட்டும் எழுதினேன். பதில் வரவில்லை. வரவேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.