காலடி மணலும் கல்லணையும்!

ஆபீஸில் வாட்டர் கேன் காலியானால் என்ன நடக்கும்? பியூனிலிருந்து மானேஜர் வரை ஆளாளுக்கு வந்து கேனைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஃபைல் ஆறு மாசம் தூங்கினாலும் பதறாத மனுஷர்கள், கேன் ஒரு மணி நேரம் லேட்டானால் பதறிவிடுவார்கள். 2019 ஜூனில் சென்னை ஏரிகள் வறண்டபோது, "ஆபீஸில் தண்ணி இல்லை... வீட்டிலிருந்தே வேலை பாருங்க" என்று சில ஐ.டி. கம்பெனிகள் ஆட்களுக்குச் சொல்லிவிட்டன. கம்ப்யூட்டர் இருந்தது, கரன்ட் இருந்தது, ஏ.ஸி. இருந்தது. பாத்ரூம் குழாயில் தண்ணீர் இல்லை. போச்சு, ஆபீஸே இல்லை!

இந்தத் தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது என்று குழாயைப் பிடித்துக்கொண்டே போனால், சென்னைக்காரர்கள்கூடக் கடைசியில் கல்லணைக்கு வந்து நிற்க வேண்டியிருக்கும். 2004-லிருந்து வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்கு வருகிறது. வீராணத்துக்குக் கீழணையிலிருந்து, கீழணைக்குக் கொள்ளிடத்திலிருந்து. 'கொள்ளிடத்துக்கு இவ்வளவு, காவிரிக்கு இவ்வளவு' என்று பாகப்பிரிவினை நடக்கிற இடம் கல்லணை.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ். ஜன்னல் ஸீட் கிடைத்தால் பாக்கியம். காவிரிக்கரை, வாழைத் தோப்பு, மறுபடி காவிரிக்கரை. அணையில் இறங்கியதும் முதலில் வரவேற்பது தண்ணீர் இல்லை... மீன் வறுவல் வாசனை! அதைத் தாண்டினால் ஷட்டர்களுக்குக் கீழே நுரை தள்ளிக்கொண்டு ஓடுகிறது காவிரி. அடுத்து வெண்ணாறு, கல்லணைக் கால்வாய். அந்தப் பக்கம் கொள்ளிடம். ஒரே தண்ணீர் நாலாகப் பிரிந்து, ஒன்றை ஒன்று திரும்பிப் பார்க்காமல் போகிறது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன அண்ணன் தம்பிகள் மாதிரி.

வருகிறவர்கள் எல்லாரும் பாலத்தில் நின்று ஷட்டரோடு போட்டோ எடுத்துக்கொண்டு, 'கரிகாலன் கட்டியது' என்று ஊருக்கு அனுப்புகிறார்கள். பாவம் கரிகாலன்! பாலமும் ஷட்டர்களும் 19-ம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் வந்தவை. அவர் கட்டியது, காவிரித் தண்ணீர் பள்ளமான கொள்ளிடத்துக்கு ஓடிவிடாமல் தடுத்த கல் சுவர். 1,080 அடி நீளம். நேர்க்கோடு கிடையாது, பாம்பு மாதிரி வளைந்து போகும். கி.பி. 2-ம் நூற்றாண்டு என்பார்கள். ஒழுங்காகச் செதுக்காத கல், நடுவே களிமண். சிமென்ட் கிடையாது, கம்பி கிடையாது. கீழே பாறையாவது இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. வெறும் மணல்! தோண்டத் தோண்ட மணல்.

மணல்மேல் கட்டிய வீடு நிற்காது என்று பாட்டி சொல்லித் தந்திருக்கிறாளே, அணை மட்டும் எப்படி நிற்கிறது?

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன். ஷட்டர் ஏற்றி இறக்குகிற லஸ்கராக வேலை பார்த்து ரிட்டயரானவர்.

"ஐயா, மணல்ல எப்படிங்க அஸ்திவாரம் போட்டாங்க?"

"தம்பி, ஆத்துல முழங்கால் தண்ணில நின்னிருக்கீங்களா? குதிகாலுக்குக் கீழ என்ன ஆகும்?"

"மணல் அரிச்சிட்டுப் போகும்... கால் இறங்கும்."

"அம்புட்டுதான்! காலுக்குப் பதிலா கல்லைப் போட்டான் கரிகாலன்."

விஷயம் அவ்வளவுதான். பொறியாளர்கள் சொல்கிற விளக்கமும் இதுவே. பெரிய பாறையை ஆற்றில் போட்டால், ஓடுகிற தண்ணீர் அதன் அடியில் இருக்கிற மணலை அரிக்கும். பாறை இறங்கும். அதன்மேல் இன்னொன்று. அதுவும் இறங்கும். இனி இறங்க முடியாது என்று ஒரு கட்டத்தில் உறுதியாக உட்கார்ந்துவிடும். எந்தத் தண்ணீர் அணையைக் கவிழ்க்க வருமோ, அந்தத் தண்ணீரையே கொத்தனாராக வைத்து அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். கூலி இல்லாத வேலையாள்!

இதைப் பார்த்து அசந்து போனவர் ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார இன்ஜினீயர். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுகிற வித்தையை இந்த ஊர்க்காரர்களிடம்தான் கற்றோம் என்று மறைக்காமல் எழுதியும் வைத்தார். அந்த வித்தையோடு கோதாவரிக்குப் போய், 1847-லிருந்து 1852 வரை தவளேஸ்வரத்தில் அணை கட்டினார். இன்றைக்கும் கோதாவரி மாவட்டங்களில் அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள்.

அதே காட்டன் 1836-ல் ஆரம்பித்துக் கட்டியதுதான் திருச்சிக்கு மேற்கே இருக்கும் முக்கொம்பு மேலணை. அங்கே 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி, வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கத்து 45 ஷட்டர்களில் ஒன்பது அடித்துக்கொண்டு போய்விட்டது. அணைக்கு வயசாகிவிட்டது என்றது அரசாங்கம். கண்டபடி மணல் அள்ளியதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். இப்போது பக்கத்திலேயே புதிதாகக் கட்டியாயிற்று. பெரியவரிடம் கேட்டேன். "அணைக்குக் கால் மணல்தான் தம்பி. காலை வெட்டி லாரில ஏத்திட்டு, ஏன் விழுந்துச்சுன்னு கேட்டா?" என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

தண்ணீர் வரும் தேதியும் நம் கையில் இல்லை. மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. திறந்து மூன்று நாளில் தண்ணீர் கல்லணையைத் தொடும். 2022-ல் மே 24-ம் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நமக்குச் சம்பளம் ஒண்ணாம் தேதிக்குப் பதில் ரெண்டாம் தேதி வந்தாலே வீட்டில் என்ன பேச்சு! நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடை விவசாயி விதைநெல்லை வைத்துக்கொண்டு, குறுவை போடலாமா வேண்டாமா என்று வாய்க்காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு அரியர்ஸ் கிடையாது.

கல்லணை போகிற இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை. மேலே பார்த்தால் தண்ணீர் பசு மாதிரி இருக்கும். 'முட்டளவுதான்டா' என்று ஒருத்தன் இறங்குவான். பாறையையே இறக்கிய தண்ணீர் அது, உங்கள் குதிகால் அதற்கு எம்மாத்திரம்? மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. நீச்சல் தெரியும் என்கிற தைரியமும் சுழலில் செல்லாது. குளிக்காதே என்று போர்டு வைத்த இடத்தில் குளிக்காதீர்கள். கரையில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

தண்ணீரோடு சண்டை போட்டு ஜெயித்தவன் யாரும் இல்லை. அதன் குணம் தெரிந்து, அது போகிற போக்கிலேயே வேலை வாங்கியவன் கட்டியது மட்டும் இன்றைக்கும் நிற்கிறது. யோசித்துப் பார்த்தால் மானேஜர் விஷயத்திலும் இது உதவும். ஆனால் முதலில் தண்ணீர்!