கண்ணை மூடிக்கொண்டு வாங்கினோம்

"அந்தக் கொம்பனி எண்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்."

போன வருசம் எங்களில் ஒருத்திக்கு லப்டொப் வாங்கப் போனபோது மற்ற மூன்று பேரும் சொன்ன வசனம் இது. அவளின் அம்மா சங்கிலியை அடகு வைத்து அனுப்பிய காசு. நாங்கள் நான்கு பேரும் கலைப்பீடம். விரிவுரையில் எல்லாவற்றையும் கேள்வி கேட்போம். கடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எங்கள் நம்பிக்கைக்கு ஒரே ஆதாரம், ஒருத்தியின் மாமா வருசக்கணக்காக அதே கொம்பனியின் கணினியைப் பாவிப்பது. அதே விலைக்கு 8 ஜிபி றாமோடு வேறொரு லப்டொப்பைக் கடைக்கார அண்ணா முதலே காட்டினார். "உது ஆரும் கேள்விப்படாத பெயர்" என்று சிரித்துவிட்டு, 4 ஜிபி றாமோடு இருந்த 'எங்கட' கொம்பனியை வாங்கி வந்தோம்.

மூன்று மாதம் போகவில்லை. சூம் வகுப்பையும் வேர்ட்டையும் ஒன்றாகத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். றாம் கூட்டலாம் என்று கொண்டுபோனோம். "போர்டோட பற்றவைச்சு வந்தது பிள்ளையள், கூட்ட ஏலாது" என்றார்கள். அந்த முறை ஒப்படை முழுவதையும் அவள் போனில்தான் தட்டச்சு செய்தாள். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

பிறகுதான் தேடி வாசித்தோம். ஒரே பெயருக்குள் பல தரம் இருக்கிறது. லெனோவோவின் ஐடியாபேடும் திங்பேடும் ஒன்றல்ல. அந்தத் திங்பேடும் 2005 வரை ஐபிஎம்மின் பொருள். ஒன்றோடொன்று போட்டி போடும் கொம்பனிகள் பலவற்றுக்கு லப்டொப் செய்து கொடுப்பது குவாண்டா, கொம்பால் போன்ற தாய்வான் நிறுவனங்கள். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த தொஷிபா 2020 இல் லப்டொப் வியாபாரத்தை விட்டே விலகிவிட்டது. அப்படியென்றால் மாமாவின் பழைய கணினி, அந்த ஒரு கணினிக்கு மட்டும்தான் சாட்சி.

கோபத்தில், "இனி அந்தக் கொம்பனிப் பக்கமே போகமாட்டோம்" என்றும் சொல்லிப் பார்த்தோம். யோசித்தால் அதுவும் கண்ணை மூடுவதுதான். அதே கொம்பனியின் வேறொரு மொடல் எங்களுக்குச் சரியாக இருந்திருக்கலாம். பிழை பெயரில் இல்லை, நாங்கள் பெயரை மட்டும் பார்த்ததில் இருக்கிறது.

போன மாதம் இன்னொருத்திக்குப் பாவித்த லப்டொப் ஒன்று வாங்கப் போனோம். இந்த முறை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம். றாம் எவ்வளவு, பிறகு கூட்டலாமா? எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா? பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும்? பழுதானால் யாழ்ப்பாணத்திலேயே திருத்தலாமா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா? தமிழில் தட்டச்சு, வாசிப்பு, சூம் என்ற எங்கள் வேலைக்கு எவ்வளவு போதும்?

"கம்பஸ் பிள்ளையளோ? சோதினை வைக்கிறியள்" என்று கடைக்காரர் சிரித்தார். ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மூடியில் இருந்த பெயரைக் கடைசியாகத்தான் பார்த்தோம்.

அந்தத் தாளில் முதல் கேள்வியை எழுதியது அவள்தான். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.