ஜனவரியில் முருங்கைக்காய் எதற்கு?

லண்டனில் புதிதாகச் சமைக்கத் தொடங்கும் தமிழர்களுக்கு, இந்த ஊர்ப் பருவத்தை ஒட்டிய, பால் நெய் சேராத சமையல் புத்தகம் ஒன்று வேண்டும். 1951-இல் வந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ அடுப்படி பழகாதவர்களுக்கும் கைகொடுத்தது. ஆனால் அதன் காய்கறிகள் நம் ஊர்ச் சந்தையுடையவை. இங்கே குளிர்காலம் என்றால் கேல், லீக்ஸ், பார்ஸ்னிப், முட்டைக்கோஸ்தான். கேலின் தடித்த நடுத்தண்டை உருவிவிட்டு, இலையைப் பொடியாக நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல் தாளித்து, தண்ணீர் தெளித்து மூடினால் சில நிமிடத்தில் வெந்துவிடும். தேங்காய்த் துருவல் போட்டு இறக்க வேண்டியதுதான். முள்ளங்கி சாம்பார் வைப்பதுபோலவே பார்ஸ்னிப்பிலும் வைக்கலாம், அதன் இனிப்புக்கு ஈடாகப் புளி சற்றுத் தூக்கலாக இருக்கட்டும்.

ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் முருங்கைக்காய் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, தூரத்திலிருந்து விமானத்தில் வருவதால் விலை கூடுதல், பசுமை குறைவு. தேங்காயும் புளியும் மட்டும் இங்கேயா விளைகின்றன என்று கேட்பதும் நியாயமே. ஆனால் அவை கப்பல் பயணம் தாங்கும். எடைக்கு எடை பார்த்தால் விமானச் சரக்கு வெளியிடும் கரிமம் கப்பலைவிடப் பல மடங்கு. பால் இல்லாமல் நம் சாப்பாடா? சாம்பார், ரசம், பொரியலுக்குப் பால் எதற்கு? ஈழத்துச் சொதிக்குத் தேங்காய்ப்பால் போதும். தயிர்சாதத்தை விட மனமில்லாதவர்கள் அதை வைத்துக்கொண்டே மற்றதைத் தொடங்கலாம்.