போர்க்கப்பலில் ஒரு நல்லடக்கம்

பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளுக்குச் செல்வோர் பேர்ல் துறைமுகத்தைக் காணாது திரும்புவதில்லை. நாமும் சென்றோம். 1941 டிசம்பர் 7-ஆம் நாள் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் 1,177 பேரைப் பலிகொண்டு மூழ்கிய 'அரிசோனா' கப்பலின் நினைவிடத்தில் சற்று நேரம் செபித்துவிட்டு, பேருந்தில் பாலத்தைக் கடந்து ஃபோர்டு தீவை அடைந்தோம்.

அங்கே வெண்சலவைக்கல் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அதே காலையில் கவிழ்ந்த 'ஓக்லஹாமா' கப்பலில் மாண்ட 429 பேருக்கு ஆளுக்கொன்றாக நாட்டப்பட்டவை அவை. அவர்களுள் ஒருவர் கத்தோலிக்கக் குருவாகிய தந்தை அலோசியுஸ் ஷ்மிட். காலைத் திருப்பலியை நிறைவேற்றியிருந்த அவர், நீர் புகுந்த கப்பலின் சிறு சாளர வழியே மற்றவர்களை வெளியேற்றிவிட்டு, தாம் உள்ளேயே உயிர்நீத்தார். 2016-இல்தான் அவருடைய உடல் அடையாளம் காணப்பட்டு, அயோவா மாநிலத்தில் அவர் பயின்ற கல்லூரியின் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது.

அருகிலேயே 'மிசூரி' நிற்கிறது. 270 மீட்டர் நீளம். 16 அங்குல வாயுடைய ஒன்பது பீரங்கிகள். 1944-இல் நியூயார்க்கில் கடலில் இறக்கப்பெற்ற இக்கப்பல், கொரியப் போரிலும் 1991 வளைகுடாப் போரிலும் குண்டு பொழிந்தது. 1992-இல் ஓய்வு பெற்று, 1999 முதல் காட்சிச்சாலையாக விளங்குகிறது. 1945 செப்டம்பர் 2-ஆம் நாள், டோக்கியோ விரிகுடாவில், ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டது இதன் மேல்தளத்திலேதான். அவ்விடத்தில் பதித்த வட்டத் தகட்டைச் சூழ்ந்து எப்பொழுதும் கூட்டம்.

நம் உள்ளத்தைத் தொட்டதோ, கப்பலின் வலப்புறத்தில், பின்பகுதியில் காணப்படும் ஒரு நெளிவு. 1945 ஏப்ரல் 11-ஆம் நாள், ஒக்கினாவாவுக்கு அருகே, 'காமிகாசே' எனப்படும் தற்கொலை விமானம் ஒன்று அங்கே மோதியது. தீப்பற்றியது, ஆயினும் கப்பலில் எவரும் இறக்கவில்லை. இளம் விமானியின் சிதைந்த உடல் மட்டும் தளத்தில் கிடந்தது. அதைக் கடலில் வீசிவிட மாலுமிகள் முற்பட்டனர். தலைவர் வில்லியம் கல்லகன் தடுத்தார். தம் கடமையைச் செய்து மடிந்த போர்வீரனுக்குரிய மரியாதையுடன் அடக்கம் செய்யுமாறு கட்டளையிட்டார்.

இந்தக் கல்லகனின் மூத்த சகோதரர், கடற்படைத் தளபதி டேனியல் கல்லகன், 1942 நவம்பரில் குவாடல்கனால் தீவருகே ஜப்பானியரின் குண்டுக்கு இரையானவர். நம் உடன்பிறந்தானைக் கொன்றவர்களின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் நம் முற்றத்தில் பிணமாகக் கிடந்தால், நாம் என்ன செய்திருப்போம்?

மாலுமிகளுள் பலர் முணுமுணுத்தனர். ஆயினும் சிலர் இரவோடிரவாகத் துணி தேடி ஜப்பானியக் கொடி ஒன்றைத் தைத்தனர். மறுநாள், கித்தானில் சுற்றிய உடலின்மேல் அக்கொடியைப் போர்த்தினர். ஆன்மகுரு செபம் சொல்ல, துப்பாக்கிகள் மரியாதை வேட்டு முழங்க, உடல் கடலில் இறக்கப்பெற்றது. ஐந்து மாதங்களுக்குள் ஜப்பானின் பிரதிநிதிகள் கையொப்பமிட ஏறி வந்ததும் இதே கப்பலில்தான்.

அந்த நெளிவை இன்றளவும் நிமிர்த்தாமல் விட்டிருக்கிறார்கள்.