மரணத்திற்குச் சாட்சி

திரைப்படங்களில் நமக்கு நாட்டம் குறைவு. ஆயினும் நம்முடன் வாழும் பன்னிரண்டு வயதுப் பேரனின் வற்புறுத்தலை மறுக்க இயலாமல், சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவனருகே அமர்ந்து ஓர் ஆங்கிலப் படத்தைக் கண்டோம். 2009-இல் கை ரிச்சியின் இயக்கத்தில் வெளிவந்த 'ஷெர்லாக் ஹோம்ஸ்' அது. ஆர்தர் கோனன் டாயில் படைத்த துப்பறிவாளரை வைத்துப் புதிதாகப் புனைந்த கதை. நிகழும் இடம் 1890-ஆம் ஆண்டின் இலண்டன்.

பிளாக்வுட் பிரபு என்னும் கொடியவன் தூக்கிலிடப்படுகிறான். டாக்டர் வாட்சன் நாடி பார்த்து, இறந்துவிட்டான் என்கிறார். மூன்றாம் நாள் கல்லறை உடைந்து கிடக்கிறது. பெட்டிக்குள் வேறொருவன் பிணம்! இறுதியில் ஹோம்ஸ் முடிச்சை அவிழ்க்கிறார். தூக்குக் கயிற்றில் மறைவாக ஒரு கொக்கி. உடைக்குள் அணிந்த வாரில் அது மாட்டியதால் உடற்பாரம் கழுத்தில் விழவில்லை. நாடியை ஒடுக்கியதோ, கருங்கடலோரத் துருக்கியில் பூக்கும் ரோடோடெண்ட்ரான் மலர்த்தேனின் நஞ்சு.

படம் முடிந்ததும் பேரன், "நன்னா, இப்படி நிசமாவே நடக்குமா?" என்று கேட்டான். கேள்வி பிறந்தால் ஆசிரியனுக்கு உறக்கம் ஏது? விளக்கத் தொடங்கினோம்.

நஞ்சு கற்பனையன்று. கி.மு. 400 வாக்கில் டிராப்சான் பகுதியில் கிரேக்கப் படையினர் அத்தகைய தேனை உண்டு மயங்கி வீழ்ந்ததை, படைத்தலைவருள் ஒருவரான ஸெனபோன் எழுதி வைத்துள்ளார். அந்நஞ்சு இதயத் துடிப்பைத் தாழ்த்தும். இரத்த அழுத்தத்தையும் குறைக்கும். இம்மட்டும் கதை பொருந்துகிறது. ஆனால் வாந்தியும் வியர்வையும் அதனுடன் வரும். அதன் வீரியமோ தேனுக்குத் தேன் மாறும். குறித்த நிமிடத்தில் ஒருவனைப் பிணம்போல் கிடத்தும் மருந்தாக அதை நம்ப இயலாது.

சட்டமோ கதையை அடியோடு மறுக்கிறது. 1868-இன் இங்கிலாந்துச் சட்டப்படி, தூக்குத்தண்டனை சிறைச்சுவருக்குள் நிறைவேற வேண்டும். சிறை மருத்துவர் உடலைச் சோதித்துச் சான்றிதழில் ஒப்பமிட வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நடுவர் குழுவுடன் மரண விசாரணை நடைபெற வேண்டும். அக்குழுவில் சிறை அலுவலர் எவரும் இருத்தலாகாது. அடக்கமும் சிறை எல்லைக்குள்ளேயே. பிளாக்வுட்டுக்கு ஊரறிந்த கல்லறை கிடைத்ததே சட்டத்திற்குப் புறம்பு! மேலும் 1872 முதல் பல அடி ஆழம் வீழ்த்திக் கழுத்தெலும்பை முறிக்கும் முறை வந்துவிட்டது. முறியாத கழுத்தை அத்தனை கண்களும் காணத் தவறுமா?

படத்தில் அவன் மரணம் வாட்சன் என்னும் ஒரே மனிதரின் சொல்லில் நிற்கிறது. ஹதீஸ் கலையில் தனியொருவர் வழி வரும் செய்தி வேறு; பொய்யில் ஒன்றுகூட இயலாத அளவுக்குப் பலர் வழி வரும் முதவாதிர் வேறு. கோனன் டாயிலின் கதை இதனினும் நம்பத்தக்கது. 1893-இல் ஹோம்ஸை அருவியில் வீழ்த்தியவர், சடலத்தைக் காட்டவில்லை. 1903-இல் அவரை மீட்டுவர அதுவே வழியாயிற்று. "உடலைக் காணாத மரணத்திலிருந்துதான் கதையில் ஒருவன் திரும்பி வரமுடியும்" என்று பெருமிதத்தோடு முடித்தோம்.

பேரன் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டான்: "அத்தாவையும் நாம யாரும் பாக்கலையே, நன்னா?"

நம் நா எழவில்லை. நான்காண்டுகளுக்கு முன் வளைகுடா நாடொன்றில் மாரடைப்பால் மறைந்த மருமகனை அங்கேயே அடக்கம் செய்தார்கள். எட்டு வயதுப் பிள்ளையிடம், "அத்தா அல்லாஹ்விடம் போய்விட்டார்" என்றதோடு நிறுத்திக்கொண்டோம். அதைக் கருணை என்றும் எண்ணியிருந்தோம். முப்பதாண்டுகளாக மாணவர்க்குச் சான்றின் இலக்கணம் கற்பித்த நாம், சொந்தப் பேரனுக்கு ஒரு சாட்சியையும் கொடுக்கவில்லை.

அன்றிரவே சொன்னோம். பாதங்கள் தளர்தல், மூக்கு சாய்தல், நெற்றிப்பொட்டுகள் குழிதல் என மரணத்தின் அடையாளங்களை ஃபிக்ஹு நூல்கள் வரிசைப்படுத்துவதையும், ஐயம் எழுந்தால் உறுதியாகும்வரை அடக்கத்தை நிறுத்திவைக்கச் சொல்வதையும் கூறினோம். அவன் அத்தாவைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டவர்கள் நம்மூரார் மூவர் என்றோம்.

"அவங்கள்ல யாராச்சும் இப்ப ஊர்ல இருக்காங்களா?"

ஒருவர் விடுப்பில் வந்திருந்தார். மறுநாள் காலை அழைத்துச் சென்றோம். அவர் பேரனைத் தம்மருகே அமர்த்தி, "நான்தான் தம்பி தண்ணி ஊத்துனேன். இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்குமே, அதையும் இந்தக் கையாலதான் தொடச்சேன்" என்றார். அத்தழும்பைப் பேரன் அறிவான். அவர் கையைப் பற்றிக்கொண்டு, நான்காண்டுகளில் முதன்முறையாகத் தேம்பி அழுதான்.

சிறுவர் தாங்கமாட்டார்கள் என்று நாம் மறைக்கும் மரணங்களை, அவர்கள் ஆசையால் உயிர்ப்பித்து வைத்திருக்கிறார்கள். வீடு திரும்பும் வழியில்தான் அறிந்தோம்: ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அவன், "அத்தா சீக்கிரம் வரணும்" என்றே கேட்டுவந்திருக்கிறான். அன்று லுஹர் தொழுதபின் நம் பக்கம் திரும்பி, "மவுத்தானவங்களுக்கு எப்படி துஆ கேக்கணும், நன்னா?" என்றான். சொல்லிக் கொடுத்தோம்.